காலிப் பெட்டியில் ஒரு தவளைவாயன்

ஜனவரி 9

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே நானும் உன் அண்ணனும் சுகம். காட்டு அட்டைகள் குடித்தது போக உன் உடம்பிலும் கொஞ்சம் ரத்தம் மிச்சமிருக்கும் என்று நம்புகிறேன்.

உன்னால் ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாத்தனார் என்று உன்னிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

எங்கள் மியூசியத்துப் பறவைக் கூடத்தில், மூலைக் கண்ணாடிப் பெட்டியில், ஒரு தவளைவாயன் இருக்கிறதல்லவா? நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது அதைப் பார்த்து அலறி உன் அண்ணன் இடுப்பில் ஏறிக்கொண்டாயாமே, அதே பறவைதான். பறவைத் தோலுக்குள் பஞ்சடைத்து நிறுத்துகிற இந்த வேலையில் எனக்கு முன்னால் இருந்தவர் அதைப் பாடம் பண்ணியிருக்கிறார். இரண்டு இறக்கையையும் விரித்து, வாயைப் பிளந்து, உள்ளே சிவப்பு வர்ணம் பூசி, ஆந்தைக்கு வைக்கிற பெரிய கண்ணாடிக் கண்ணை வைத்துவிட்டார். கீழே 'பேய்ப்பறவை' என்று ஒரு பலகை வேறு. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒரு சாதுவைப் பிடித்து வேஷம் கட்டி நிறுத்தியிருக்கிறோம்.

ஓய்வுபெறப் போகிற இயக்குநர் போகிற போக்கில் எனக்கு ஒரு வரம் கொடுத்திருக்கிறார். "அதைப் பிரிச்சு உன் இஷ்டத்துக்குச் செய்மா" என்றார். நான் இதுவரை தோலைத்தான் பார்த்திருக்கிறேன், உயிரோடு பார்த்ததில்லை. நீ பறவைக் கணக்கெடுக்கும் வேலையில் இருக்கிறாய். பகலில் அது எப்படி உட்காருகிறது? தலை எந்தப் பக்கம் சாயும்? கண் எவ்வளவு மூடியிருக்கும்? கால் விரல் வெளியே தெரியுமா? எல்லாவற்றையும் எழுது. உனக்கு எழுதச் சொல்லித் தரவா வேண்டும்.

உன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து மியூசியத்து ஸ்டோர் சாவிக்கொத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். "வாய் எவ்வளவு பெரிசுன்னு மட்டும் கேட்காதே. கண்ணாடியைப் பார்த்து அளந்து எழுதிடுவா" என்கிறார். சொன்னது அவர். கோபத்தை அவர் மேல் காட்டு.

இருமல் விட்டதா?

உன் அண்ணி


ஜனவரி 26

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் போய்விட்டது, அட்டைகள் போகவில்லை, நான் நன்றாக இருக்கிறேன். உங்களுக்கும் அண்ணனுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லையே? என் வாயை அளக்க வந்த ஸ்டோர் கீப்பரிடம் சொல்லுங்கள், எனக்கு வாய் பெரிதாகக் காரணமே அவன் பங்கு வாயையும் சேர்த்து எனக்கே கொடுத்துவிட்டதுதான். வீட்டில் யார் எதைச் சொன்னாலும் 'சரி, சரி' என்று தலையாட்டியே வளர்ந்தவன் அவன்.

இங்கே போனை எடுத்தால் கல்லை எடுத்த மாதிரி. ஜீப் வாரத்துக்கு ஒருமுறை தபாலை எடுத்துப்போகிறது. அதனால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஆய்வு நிலையத்துக்குப் பின்னால், ஓடையோரம், கொடிகள் பின்னிக் கிடக்கிற ஒரு மரம். அதில் ஒடிந்த கொம்பு ஒன்று. அதற்கு நேர் கீழே நின்றுதான் நான் தினமும் பல் தேய்ப்பேன். ஒரு நாள் வாயில் நுரையோடு அண்ணாந்து பார்த்தேன். கொம்பு ஒரு கண்ணைக் கீற்றாகத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. பறவைக்காகவே சம்பளம் வாங்குகிற நான், அத்தனை நாளும் அதன் காலடியில் நின்று கொப்பளித்துத் துப்பியிருக்கிறேன். என் மானம் ஓடையோடு போயிற்று.

ஆள் வருவது தெரிந்தால் அது பறக்காது. தலையை மெல்ல, மிக மெல்ல மேலே தூக்கும். அலகு வானத்தைப் பார்க்கும். அலகின் அடியில் மீசை மாதிரி முடிகள் இருக்கின்றனவே, அவை அலகின் கோட்டை மறைத்துவிடும். கண் நூலளவு. இறகை உடம்போடு ஒட்ட வைத்து ஒடுங்கிவிடும். கால் விரல் வெளியே தெரியவே தெரியாது. ஆண் சாம்பல் நிறம், மரப்பாசி படிந்த பட்டை மாதிரி. பெண் காய்ந்த சருகு நிறம். பகலில் ஜோடியாகத் தோளோடு தோள் ஒட்டி உட்காரும். ராத்திரிதான் இரண்டும் கிளம்பிப் பூச்சி பிடிக்கப் போகும்.

இப்போது ஒரே ஒரு முட்டை வைத்திருக்கிறது. கூடு உள்ளங்கையளவுதான். தன் மார்புத் தூவியையே மெத்தையாக்கி, மேலே மரப்பாசியும் பட்டைத்தூளும் ஒட்டியிருக்கிறது. பகலெல்லாம் முட்டை மேல் உட்காருகிறது ஆண். இந்த வரியை அண்ணனுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டவும்.

வாயைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஜீப் ஓட்டுநர் "இது கட்டைதான், பந்தயம்" என்று சொல்லிக் கொடியைப் பிடித்து இழுத்தார். அப்போதுதான் அது வாயைத் திறந்தது. அடேயப்பா, முகமே இரண்டாகப் பிளந்துவிட்டது. மனுஷன் பின்னால் சாய்ந்து ஓடைத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். எல்லாப் பொறுமையும் தீர்ந்த பிறகு, எல்லை தாண்டி வந்தவனுக்கு மட்டும்தான் அது வாயைத் திறக்கும். உங்கள் பெட்டியில் இருப்பவர் பாவம், எத்தனையோ வருஷமாக எல்லோருக்கும் திறந்துகொண்டு நிற்கிறார். முதலில் அவர் வாயை மூடுங்கள்.

கீழே விழுந்து கிடந்த, பாசி படிந்த கொம்பு ஒன்றைச் சாக்கில் சுற்றி அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் அன்பு நாத்தனார்


பிப்ரவரி 22

அன்புள்ள வாயாடிக்கு,

நானும் உன் அண்ணனும் நலம். உன் கடிதம் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வேலை செய்தேன்.

தோலை ஈரப் பெட்டியில் வைத்து இளக்கினேன். அந்தக் காலத்துப் பாடமெல்லாம் பூச்சி அரிக்காமலிருக்கப் பாஷாணம் பூசியது, தொட்டாலே விஷம், அதனால் கையுறை போட்டுக்கொண்டேதான் எல்லாம். கம்பிகளை எடுத்து, இறக்கைகளை ஒவ்வொன்றாக மடித்து, நூலால் கட்டி உலரவிட்டேன். சிவப்பு வர்ணத்தைச் சுரண்டி எடுத்து, வாயைத் தைத்து மூடினேன். ஆந்தைக் கண்ணைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன். மெழுகில் இமை செய்து, கத்தி நுனியால் ஒரு கீறல் மட்டும் விட்டேன். கீறலுக்குள்ளே கண் இருக்கிறது, தேடினால் தெரியும்.

அடுத்தது நீ அனுப்பிய கொம்பில் உட்கார வைப்பது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உன் அண்ணன்தான் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கால் கம்பியைக் கொம்புக்குள் இறக்கி, இறகுகளைப் பாசியோடு ஒட்டி நீவிவிட்டேன். கை மரத்துப்போய் அவர் முனகினார். "நீ செய்யறதைப் பார்த்தா கடைசியில கொம்பு எது, பறவை எதுன்னு எனக்கே தெரியாது போல" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் சொன்ன நல்ல வார்த்தைகளில் அது ஒன்று. மற்றவற்றை யோசித்து அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

'பேய்ப்பறவை' பலகையைக் கழற்றிவிட்டு, 'தவளைவாயன், ஆண், பகல் உறக்கத்தில்' என்று எழுதி வைத்தேன். முதல் நாள் ஒரு குடும்பம் வந்தது. பெட்டியைப் பார்த்தது, பலகையைப் படித்தது, மறுபடி பெட்டியைப் பார்த்தது, போய்விட்டது. பறவை அவர்கள் கண்ணில் படவே இல்லை. எனக்கு ஓடிப்போய் யாரையாவது கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

புது இயக்குநர் வந்துவிட்டார். தண்ணீர் வரி வசூலிக்கிற இலாகாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். அதற்குள் 'மீட்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் வைக்கவில்லை.

உன் அண்ணி


மார்ச் 12

அன்புள்ள அண்ணிக்கு,

ஜீப் கிளம்புகிறது. ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார் அந்த ஓடைச் சாமியார். இரண்டே வரி.

குஞ்சு பொரித்துவிட்டது! பஞ்சு உருண்டை. அப்பன் வயிற்றுக்கு அடியிலிருந்து தலையை நீட்டுகிறது. அப்பன் கட்டை மாதிரியே உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள் பறவையைப் பார்க்காமல் போன குடும்பத்துக்கு என் சார்பில் ஒரு கும்பிடு. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் அண்ணி. அண்ணனை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கை மரத்தது இன்னுமா சரியாகவில்லை?

வாயாடி


ஏப்ரல் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நான் சுகம். குஞ்சும் நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

நான் ஜெயித்ததாக எழுதியிருந்தாய். ஜெயித்தவளுக்கு மெமோ வந்திருக்கிறது, கேள்.

வந்து போகிறவர்கள் எழுதிவைக்கிற புத்தகத்தில் 'மூலைப் பெட்டி காலி', 'பேய்ப்பறவை எங்கே?' என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். மீட்டர் கூப்பிட்டார்.

"பறவை எங்கேம்மா?"

"பெட்டிக்குள்ளதான் சார்."

எழுந்து போனார். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட இருக்காது, திரும்பி வந்துவிட்டார். "என்கிட்டயே விளையாடுறியா? உள்ள ஒரு மரக்கட்டைதான் கிடக்குது."

"கொஞ்சம் நின்னு பாருங்க சார்."

"நான் பார்த்தாச்சு" என்றார். அந்த மனுஷர் எதையும் ஒரு தடவைதான் பார்ப்பார். மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிற பழக்கம்.

மறுநாளே பேச்சு திசை மாறிவிட்டது. பழைய பறவை அரியது, யாரோ பணக்காரருக்கு விற்றுவிட்டு, கட்டையை வைத்து ஏமாற்றுகிறேன் என்றார். சரிபார்க்க ஒரு குழு போட்டார். குழு வந்து பெட்டிக்கு முன்னால் நின்றது. என்னையும் நிறுத்தினார்கள். "இருக்குன்னு சொல்றியே, எங்கே, கையை நீட்டிக் காட்டு பார்ப்போம்" என்றார் மீட்டர்.

நான் காட்டவில்லை. "இருக்கு. பாருங்க" என்றேன். 'பெட்டி காலி' என்று எழுதி மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். மீட்டர், கணக்காளர், இன்னொருவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மறைக்காத பூசணிக்காயை முன்னால் வைத்துக்கொண்டே இல்லை என்று கையெழுத்துப் போட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

காட்ட மாட்டேன் வாயாடி. என்னைத் திருடி என்று சொன்னவனுக்கு நான் ஏன் விரலை நீட்டி, 'ஐயா, நான் திருடவில்லை' என்று கெஞ்ச வேண்டும்? கண் அவருடையது. பார்க்க வேண்டியதும் அவர்தான்.

உன் அண்ணி


ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்று வழக்கமாக எழுதுவேன். இந்தத் தடவை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். நிலையத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஓட்டுநர் மட்டும் சிரிக்கவில்லை. "அந்த ஆபீசரை இங்க அனுப்பச் சொல்லுங்க, ஓடையில உட்கார வைக்கலாம்" என்றார். ராத்திரி படுத்த பிறகுதான் பயம் வந்தது. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். திருட்டு என்று போலீசுக்குப் போனால் உங்கள் பெயர் என்னாவது?

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு விரல். ஒரு நொடி. காட்டிவிட்டு, பிறகு அந்த ஆளை ஆயுசுக்கும் கேலி செய்யலாமே.

உங்களுக்குக் காட்டப் பிடிக்கவில்லை என்றால் அண்ணன் சொல்லட்டும். கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவனே அவன்தானே, அவனைவிடச் சாட்சி வேறு யார்? ஏன் அவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை? அந்த மூன்றாவது ஆள் யார் என்றும் எழுதவில்லையே நீங்கள்.

உடனே பதில் போடுங்கள்.

உங்கள் வாயாடி


மே 24

அன்புள்ள வாயாடிக்கு,

நான் சுகம். பதில் தாமதமானதற்கு உடம்பு காரணமில்லை, பயப்படாதே.

சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். பட்டறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். என் ஊசிகளும் கத்திகளும் உள்ளேயே இருக்கின்றன, துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும். ஜூன் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து விசாரிப்பாராம். பறவையை ஒப்படைக்காவிட்டால் வேலை நீக்கம், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், போலீஸ். எல்லாம் ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், மிச்சம் வைக்கவில்லை.

வெளியே போனால் கடையில் பேச்சு நிற்கிறது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மா "எவ்வளவுக்குப் போச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள். "உங்க வீட்டு டிவி விலைக்கு" என்றேன். அவள் இப்போது பேசுவதில்லை. நிம்மதி.

நான் தினமும் டிக்கெட் வாங்கிக்கொண்டு மியூசியத்துக்குப் போகிறேன். டிக்கெட் வாங்கினவளைத் தடுக்க விதி இல்லை. மூலைப் பெட்டிக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். மீட்டர் அந்தப் பக்கம் வந்தால் வேறு வழியாகப் போகிறார். என் பறவை நன்றாக இருக்கிறது. பாசி கொஞ்சம் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

குஞ்சு பறந்துவிட்டதா? கூடு என்னாயிற்று? அதை எழுது.

உன் அண்ணி


ஜூன் 5

அண்ணி,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பிப் படித்தேன். ஜனவரியில் 'நானும் உன் அண்ணனும் சுகம்'. பிப்ரவரியில் 'நானும் உன் அண்ணனும் நலம்'. ஏப்ரலில் 'நான் சுகம்'. மே மாதமும் 'நான் சுகம்'. அண்ணன் என்ற வார்த்தையே கடிதத்தில் இல்லை. நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் இல்லை. மியூசியத்தில் ஓர் ஆணி காணாமல் போனாலும் ஸ்டோர் கீப்பர் கையெழுத்து வேண்டும் என்று பெருமையடித்துக்கொண்டே திரிவானே, அந்த மூன்றாவது ஆள் அவன்தான். இல்லை என்று எழுதுங்கள் பார்க்கலாம்.

அவன் என் ரத்தம், எனக்கு வலிக்கும் என்றுதானே மறைத்தீர்கள்? வலிக்கத்தான் செய்கிறது. ரத்தம் என்பதால்தான் திட்டுவதற்கு உங்களைவிட எனக்கு உரிமை அதிகம். இரண்டு நாளாக மரங்களைத் திட்டிக்கொண்டு திரிகிறேன். பறவைகள் எல்லாம் பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டிருக்கும், என் கணக்கெடுப்பு கோவிந்தா.

போன கடிதத்தில் 'ஒரு விரல், ஒரு நொடி' என்று எழுதினேனே, அதை அழித்துவிடுங்கள். காட்டாதீர்கள் அண்ணி. குவார்ட்டர்ஸ் போனால் இங்கே வாருங்கள். என் அறையில் இன்னொரு கட்டில் போட இடமிருக்கிறது. கூரை ஒழுகும், ஆனால் ஒரே இடத்தில்தான் ஒழுகும்.

குஞ்சு பறந்துவிட்டது. அது போன மறுநாளே ஆண் பறவை கூட்டைப் பிய்த்து எறிந்துவிட்டது. ஒரு தூவிகூட மிச்சமில்லை, தடயம் தெரியக் கூடாதாம். ஆனால் கேளுங்கள், குஞ்சு பறக்கிற வரைக்கும் மழையிலும் வெயிலிலும் அதன் மேல் உட்கார்ந்திருந்ததும் அதே ஆண்தான். வேலை முடிந்த பிறகு பிய்த்தது. என் அண்ணன் வேலை நடக்கும்போதே பிய்த்துவிட்டான்.

அவனுக்கும் இதே ஜீப்பில் தனியாக ஒரு கடிதம் போகிறது. ஆபீஸ் விலாசத்துக்குத்தான். ஒரே வரி: 'அண்ணா, நீ பிடித்துக்கொண்டு நின்ற கொம்பில் என்ன இருந்தது?'

உங்கள் வாயாடி


ஜூலை 2

அன்புள்ள வாயாடிக்கு,

நான் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே.

நீ கண்டுபிடித்ததை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது கையெழுத்து உன் அண்ணனுடையதுதான். மீட்டர் பேனாவை நீட்டினார், இவர் வாங்கிப் போட்டார். போடும்போது என்னைப் பார்க்கவில்லை, பெட்டியையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, "பெரிய அதிகாரி சொல்றார், நான் எப்படி இல்லைங்கறது? நீ ஒரு விரலைக் காட்டினா என்ன குறைஞ்சிடும்?" என்றார். அன்றைக்குப் பேச்சு நின்றது. ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தோம்.

மீட்டருக்காக நான் வீம்பு பிடித்தேன் என்றுதான் ஊரெல்லாம் நினைத்தது. மீட்டர் எனக்குத் தூசி. பக்கத்தில் நின்றவருக்குப் பறவை எங்கே என்று தெரியும். அவர் கைக்குள் வைத்துத்தான் நான் அதை உட்கார வைத்தேன். அவர் வாயிலிருந்து 'இருக்கு' என்ற ஒரு சொல் வர வேண்டும் என்று காத்திருந்தேன். அதற்காகத்தான் விரலை மடக்கி வைத்திருந்தேன். இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

இனி விசாரணையைக் கேள். தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். அதிகம் பேசாதவர். எல்லோரையும் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினார். உன் அண்ணனைப் பார்த்து, "நீங்க பெட்டியைச் சரிபார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"கையெழுத்துப் போட்டேன் மேடம்."

"அதை நான் கேட்கலை. பார்த்தீங்களா?"

உன் அண்ணன் சாவிக்கொத்தைக் கை மாற்றிக்கொண்டார். அதற்குள் மீட்டருக்குப் பொறுக்கவில்லை. "இதுல பார்க்க என்ன மேடம் இருக்கு? ஒரு கட்டையை வெச்சு ஊரை ஏமாத்தியிருக்கா. இப்பவே எடுத்துக் காட்டறேன். ஸ்டோர், சாவி!" என்றார். உன் அண்ணன் சாவியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "சார், அதுல கை வைக்காதீங்க, அதுதான்..." என்று ஆரம்பித்தார். வாக்கியம் முடியவில்லை. மீட்டர் கதவைத் திறந்து, ஒடிந்த கொம்பின் நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்.

கட்டை மெத்தென்று இருந்தது.

அவர் போட்ட கூச்சலில் அடுத்த கூடத்துக் காவலாளி ஓடி வந்துவிட்டார். ஒரு கையில் தவளைவாயன். கண் கீறலுக்குள்ளிருந்து அது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. விட்டால் கீழே விழும், பிடித்திருக்கவும் பயம். பெட்டி காலி என்று கையெழுத்துப் போட்டவர் கையிலேயே பறவை.

அப்போது நான் வாயைத் திறந்தேன். "சார், முதல்ல அதை என்கிட்ட கொடுத்துட்டுப் போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்க. அது முழுக்கப் பாஷாணம்" என்றேன். மனுஷர் ஓடினார் பார். கணக்காளர் பின்னாலேயே துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "இவ்வளவு நாள் ஏம்மா சொல்லலை?" என்று கேட்டார். "முதல் நாளே இருக்குன்னு சொன்னேன், பாருங்கன்னு சொன்னேன். பார்க்கறேன்னு ஒருத்தரும் சொல்லலை. திருடினியான்னு கேட்டாங்க, விற்றியான்னு கேட்டாங்க, எவ்வளவுன்னு கேட்டாங்க. கண்ணு தெரியாதவங்க கேட்டா பொறுத்துப்பேன். எல்லாம் தெரிஞ்சு இல்லைன்னு எழுதினவங்களும் இருக்காங்க" என்றேன். உன் அண்ணன் அங்கேதான் நின்றார். அவரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

மெமோ ரத்து. சாவி திரும்பி வந்துவிட்டது. கத்திகளில் துரு இல்லை. மீட்டர் சோப்பு வாசனையோடு திரும்பி வந்து, மறுபடியும் இறக்கையை விரித்து வாயைத் திறக்கச் சொன்னார். முடியாது என்றேன். அப்படியானால் பெட்டியில் ஓர் அம்புக்குறியாவது போடு என்றார். அதுவும் முடியாது, வேண்டுமானால் மறுபடி சஸ்பெண்ட் செய்யுங்கள், டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். அந்த அம்மா என் பக்கம் பேசினார். வால் இறகு இரண்டு ஒடிந்திருந்தன, ஒட்டிவிட்டேன். பலகையில் ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: 'பெட்டி காலியில்லை. நின்று பாருங்கள்.' இப்போது மூலையில் எப்போதும் ஒரு கூட்டம். கண்டுபிடித்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லாமல் சிரித்துக்கொண்டே போகிறார்கள்.

அன்று மாலை உன் அண்ணன் வீட்டுக்கு வந்து, பையில் இரண்டு சட்டையை வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கே என்று சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. உன் ஒரு வரிக் கடிதம் அவர் மேஜையில் பிரித்தபடி கிடக்கிறது.

உன் அண்ணி


ஜூலை 18

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலம். மீட்டர் கதையைப் படித்துவிட்டு ஓட்டுநர் எழுந்து நின்று கைதட்டினார்.

உங்கள் வீட்டுக்காரர் இங்கேதான் இருக்கிறார். உங்கள் கடிதம் வந்த அதே ஜீப்பில் வந்து இறங்கினான். நான் திட்டுவதற்காக ஜூனிலிருந்து சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். முடிந்ததும், "நீ எழுதினதுக்குப் பதில் சொல்ல வந்தேன். அந்தப் பறவையை எனக்கு உசுரோட காட்டு. பார்த்து, இருக்குன்னு என் வாயால சொல்லிட்டுப் போறேன்" என்றான்.

கூட்டிக்கொண்டு போனேன். மரத்தடியில் நிறுத்தினேன். ஜோடி இரண்டும் அதே கொடியில்தான் தோளோடு தோளாக உட்கார்ந்திருக்கின்றன. "இருக்கு. பாரு" என்றேன். விரலை மடக்கிக்கொண்டேன்.

காலையில் போகிறான், இருட்டும்போது வருகிறான். மழையில் நிற்கிறான். காலெல்லாம் அட்டை. ஒவ்வொரு கொம்பாகப் பார்த்து, "இதுவா?" என்கிறான். நான் பதில் சொல்வதில்லை. மியூசியத்தில் தெரிந்ததை இல்லை என்று சொன்ன மனுஷன், இங்கே இருக்கிறது என்று சொல்லத் துடிக்கிறான், கண்ணுக்குத்தான் தெரியவில்லை. நேற்று பொறுமை போய், "ஒரு விரலைக் காட்டினா என்னடி குறைஞ்சிடும்?" என்று கத்தினான். கத்தின பிறகு அவனுக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். கொம்பைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். ராத்திரி சாப்பிடவில்லை.

எனக்குப் பாவமாக இருக்கிறது அண்ணி. கோபமும் போகவில்லை. காட்டிவிடட்டுமா? நீங்கள் சொல்வதைத்தான் செய்வேன்.

உங்கள் வாயாடி


ஜூலை 29

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே நான் சுகம். அங்கே நீயும் உன் அண்ணனும் சுகம்தானே?

காட்டாதே.

அட்டைக்கு உப்புத் துணி கட்டிவிடு. அவருக்கு நெஞ்சில் சளி கட்டும், மழையில் நிற்கும்போது, நீ காட்டுக்குக் கிளம்பும்போது நான் கொடுத்தனுப்பிய என் பழைய மழைக்கோட்டைக் கொடு, உன் அலமாரியில்தான் கிடக்கிறது. வேளைக்குச் சாப்பிட வை. சாப்பிடாவிட்டால் நான் திட்டினதாகச் சொல். லீவு நீட்டிக்க நானே ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மீட்டர் வாயைத் திறக்கவில்லை.

எத்தனை நாள் ஆனாலும் அவரே பார்க்கட்டும். பார்த்துவிட்டால் எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல். மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம், அதையெல்லாம் படிக்க எனக்கு நேரமில்லை. எந்தக் கொடி, எந்தப் பக்கம் ஆண், எந்தப் பக்கம் பெண், கண் எவ்வளவு திறந்திருக்கிறது என்று மட்டும் எழுதட்டும். எழுதி முடித்து, 'இருக்கிறது' என்று போட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போடட்டும்.

வாசல் விளக்கை நான் அணைப்பதில்லை என்பதை மட்டும் அவரிடம் சொல்லாதே.

உன் அண்ணி